ஒரு செட்டு மாத்திரை

மருந்துக்கடையில் நிற்பவர்களுக்குப் பொறுமை வேண்டும் சார். ராயபுரத்தில் பாதிப் பேர் மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "ஒரு செட்டு குடு" என்பார்கள். காய்ச்சலுக்கு, சளிக்கு என்று நாலைந்து மாத்திரைகளை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுப்போம். சட்டப்படி கூடாதுதான். மருந்துப் படிப்பு படித்தவள், எனக்குத் தெரியாதா?

என் கணவர் ஞானதுரை கடையில் அதிகம் பேச மாட்டார். வீட்டில் அதைவிடக் குறைவு. ஆனால் படகு எஞ்சின் மெக்கானிக் இக்னேஷியஸ் வந்துவிட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆறு மணிக்கு இரண்டு பேரும் கேரம் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினோரு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. இன்னொரு பெண் என்றால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன். தோஸ்து மேல் பொறாமை என்றால் கேட்பவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அன்று கணவர் கடையில் இல்லாதபோது இக்னேஷியஸ் வந்தார்.

"தொண்டை கட்டிக்கினு கீது தங்கச்சி. ஒரு செட்டு போடு. பென்சிலின் ஊசி மட்டும் நமக்கு ஆவாது. சின்ன வயசுல போட்டு, மூஞ்சி ஊதி, மூச்சே நின்னு பூட்ச்சு."

"ஊசி இல்லண்ணா, மாத்திரைதான்" என்றேன். அது பொய் இல்லை.

இங்கே எல்லோரும் கோளாறு ஊசியில்தான் என்று நினைக்கிறார்கள். அமாக்ஸிசிலின் மாத்திரையும் பென்சிலின் குடும்பம்தான். அந்தக் குடும்பமே சேராதவர்களுக்கு வேறு வகை மருந்து உண்டு, பக்கத்துப் பெட்டியிலேயே இருந்தது. என் கை முதலில் அதற்குத்தான் போனது. அப்போது அவர், "துரை வந்தா கிளப்புக்கு அனுப்பி வையி" என்றார்.

கையை இழுத்துக்கொண்டு அமாக்ஸிசிலினையே உறையில் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். என் கணவரும், "மகிமா தெரியாம குட்த்துட்டா சார்" என்று உங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் ஒரு மாதமாக அவர் தினமும் சாயங்காலம் காசிமேடு கல்லறைக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்து பேசுகிறார். நேற்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சிரிக்கவும் செய்தார்.

அதனால்தான் நானே வந்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன் என்று திருத்தி எழுதுங்கள். எழுதியதை அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். இனிமேல் அவரால் என்னைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியாது.