இளைக்க மறுத்த நட்சத்திரம்

அவை நடுவே அகன்று அமர்ந்து, நாற்காலிக்கே நிறைவு தந்திருக்கும் தலைவர் அவர்களே! விண்ணளக்கும் அறிஞர்களே! பிள்ளைகளின் படிப்புக்காகத் தூக்கம் தொலைத்த தாய்மார்களே! காற்றாடிக்குக் கீழே இடம்பிடித்த கெட்டிக்காரர்களே! துணியளக்கும் இந்தத் தையற்காரனின் வணக்கம்!

இன்றைய விழா நாயகி என் மனைவியின் தங்கை. அவள் ஆராய்ந்தது என்ன? வயதேறி, உடல் உப்பி, சூடு தணிந்த ராட்சத விண்மீன்கள்! (சிரிக்காதீர்கள், தலைவரைச் சொல்லவில்லை.) விண்மீனைப் போர்த்திய காற்றுக்குக் கணினியில் ஒரு மாதிரி செய்து, அதன் நிறத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னாள். ஆரஞ்சு என்றது கணக்கு. அட, அதைவிடச் சிவப்பு என்றது தொலைநோக்கி! கணக்கு பொருந்தாவிட்டால் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் சும்மா இருப்பேனா?

"ஏம்மா, சட்டை சேரலேன்னா ஆளை இளைக்கச் சொல்லிடு. கடையில நான் அப்படித்தான் தப்பிச்சுக்கறேன்."

"உங்க கடைக்கு வர்றவங்க பாவம் மாமா. நட்சத்திரம் இளைக்காது. சட்டையைத்தான் பிரிக்கணும்."

உள்ளேயிருந்து என் மனைவி: "இவர்கிட்டயா பிரிக்கறதைப் பத்திப் பேசற? ஒரு பித்தான் தைக்கவே ஒரு வாரம் ஆக்குவாரு!"

பிரித்தாள், பெரியோர்களே, பிரித்தாள்! கணினியில் இருந்த பழைய மாதிரியோ, காற்றை மடித்தடுக்கிய துணிபோலத் தட்டையாக வைத்திருந்தது. மெல்லிய காற்றுள்ள சின்ன விண்மீனுக்கு அது போதும். உப்பிய ராட்சதனுக்குப் போதுமா? தட்டைத் துணி தொப்பையில் படியுமா? (தலைவரே தலையாட்டுகிறார், பாருங்கள்!) வட்டமாய் வளைத்தாள். வளைத்த காற்று விரிந்தது, விரிந்த காற்று குளிர்ந்தது, குளிர்ந்த காற்று மஞ்சளை விழுங்கியது, மிஞ்சியது சிவப்பு! வானத்தின் நிறமும் கணக்கின் நிறமும் கைகோத்தன!

பட்டத் தேர்வில் நம் தலைவரே மடக்கினார்: "எல்லாரும் தட்டையாத்தானே வைக்கறாங்க? நீ மட்டும் ஏம்மா மாத்தின?"

"ஐயா, வளிமண்டலம்னு நாமதானே பேரு வெச்சோம்? மண்டலம்னா வட்டம். பேரை வட்டமா வெச்சுட்டு, கணக்கை மட்டும் தட்டையா வைக்கலாமா?"

அரங்கம் அதிர்ந்தது! முதலில் கைதட்டியவர் யார்? இதோ, இந்தத் தலைவர்தான்!

வானம் பொய் சொல்லுமா? சொல்லாது! பொருந்தவில்லையா, விண்மீனை வையாதே. உன் வெட்டைத் திருத்து! இதைச் சொன்னவள் எங்கள் வீட்டுப் பெண்! இன்று முதல் அவள் டாக்டர்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. தலைவர் அவர்களே, உங்கள் அடுத்த சட்டையை நானே தைக்கிறேன். ஒருபோதும் இளைக்கச் சொல்ல மாட்டேன். வணக்கம்!