நிலாவில் ஒரு லயம்

"அந்த மனுசன் கதையில நிலாவுலயும் லயத்ததானே கட்டினாரு. அதுலதான் நம்ம பத்திரிகை படுத்துச்சு" என்றார் அந்த அம்மா. ரவாங் போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த நான், நிலாவில் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளா என்று கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன். அவருக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்தில் இருந்த பெரியவர் இன்னும் மூத்தவர்; அந்தப் பத்திரிகையை நடத்தியவர். அவர் மடியில் ஒரு மாலை. ஈஜோக்கில் துக்க வீட்டுக்குப் போகிறார்கள். இறந்தவர்தான் அந்தக் கதையை எழுதியவர்.

"மொத ரெண்டு இதழையும் தோட்டத்துல ஆசையா படிச்சாங்களேண்ணே."

"ராக்கெட்டு, ரோபோன்னு புதுசா இருந்துச்சும்மா. மூணாவதுல இவரு நம்ம ஆளுங்கள நிலாவுக்கு வேலைக்கு அனுப்பிட்டாரு. அங்கயும் லயம், அங்கயும் வேலை வாங்க ஒரு மண்டோர். எங்க பிள்ளைங்களுக்கும் இதே லயம்தானான்னு கேட்டு வாங்கறத விட்டுட்டாங்க."

"மாத்தி எழுதச் சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொன்னேன் லா. ஆளுக்கொரு வீடு, துரை பங்களா மாதிரி குடுங்கன்னு சொன்னேன். உக்காந்து எழுதிப் பாத்தாரு, வரல. பங்களா வாசலத் தாண்டி நம்மள விட்டதில்லையே, உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதேன்னாரு."

"நிலாவுக்கு மட்டும் போய்ப் பாத்தாராக்கும்."

"நானும் அதத்தாம்மா கேட்டேன்."

ரயில் ரவாங்கில் நின்றது. பெரியவர் மாலை கசங்காமல் மெல்ல எழுந்தார்.

"நிலாவுல இருந்து என்னை யாரும் வெரட்டலையேன்னாரு."