சீதேவியின் காது

டமாரென்று ஓர் அலுமினிய அன்னக்கூடை என் காலடியில் வந்து விழுந்தது. நான் அப்போது டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். பாதி சிந்திவிட்டது, தலைவரே. நல்ல இஞ்சி டீ. ஏலக்காரர் சங்கத்து விசாரணையை அங்கிருந்து தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயமும் தெரியும்.

கூடையை எறிந்தவள் அன்புக்கரசி. என் ஏலத்தில் மீன் எடுத்துக் கொருக்குப்பேட்டையில் கூவி விற்கிறவள். அவளுக்குப் பின்னால் ராயபுரத்து நாய், பூனை டாக்டர் சுஜா. இரண்டு பேரும் சேர்ந்து வந்ததுதான் வினை. தனித்தனியாக வந்தவரைக்கும் நான் சமாளித்துவிட்டேன்.

சீதேவியை உங்களுக்குத் தெரியும். பால் வெள்ளைப் பூனை. காசிமேட்டில் ஏலக்காரர்கள் எத்தனையோ பேர். பூனை உட்காருகிற இடம் என்னுடையது மட்டும்தான். அது முகர்ந்த மீன் கூறைத்தான் முதலில் ஏலம் விடுவேன். ராசியான பூனை என்று கூட்டம் மொத்தமும் என் பக்கம் நிற்கும். தூரத்துப் படகுக்கும் தெரியட்டும் என்று ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, நல்ல வெயிலில் அதை உட்கார வைத்தவன் நான்தான். வருடக்கணக்காக உட்கார்ந்தது. ஒரு நாள் லீவு கேட்டதில்லை.

காது நுனியில் சின்னதாக ஒரு பொருக்கு வந்தது. உதிரும், மறுபடி வரும். சண்டையில் கீறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வஞ்சிரம் வாங்க வந்த டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பார்த்தவர் வஞ்சிரத்தை மறந்துவிட்டார்.

"எத்தனை நாளா ஆறாம இருக்கு? வெள்ளைப் பூனைக்கு வெயில் பட்டுப் பட்டு இப்படிப் புற்றுநோய் வரும். கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, சோதிச்சுப் பார்த்திடலாம். அதுதான்னா காது மடலை எடுத்திடுவேன். இப்பவே எடுத்தா பிழைச்சுக்கும். இனிமே வெயில்ல விடாதீங்க."

அன்புக்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் அதற்கு நெத்திலி போடுகிறவள். கூடையில் பழைய புடவையை விரித்து என்னிடம் நீட்டினாள்.

"உன்னாண்டதான் நைனா அது கம்முனு வரும். நீயே இட்டுகினு போ."

நீங்களே சொல்லுங்கள். காதறுந்த பூனைக்கு நம் ஊரில் என்ன பெயர்? மூளி. மூளி முகத்தில் முழித்துவிட்டு எவன் மீன் எடுப்பான்? சீதேவியாகப் போய் மூளியாகத் திரும்பினால் அதற்கே அவமானம் இல்லையா? அதன் மானத்தை யோசித்தவன் நான் ஒருவன்தான்.

கூடையோடு கிளினிக்குக்குப் போகிற வழியில் கல்மண்டபம் வரைக்கும் போனேன். டீ குடித்தேன். சீதேவிக்கும் ஒரு பன் வாங்கிப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். திரும்பிவிட்டோம்.

அன்புக்கரசியிடம், "டாக்டரம்மா பாத்துட்டாங்கோ, வெறும் சொறிதானாம்" என்றேன். டாக்டரம்மாவிடம், "வேற டாக்டராண்ட காட்டி மருந்து போட்டுகினு கீறோம்" என்றேன். இருவருக்கும் நிம்மதி. ஒரே நாக்கால் இரண்டு பேருக்கு நிம்மதி தருவது லேசான காரியமா?

மருந்து போட்டதாகச் சொன்னது முழுப் பொய் இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினேன். மஞ்சள் அதன் வெள்ளையைக் கெடுத்ததால் மேலே என் வீட்டுக்காரியின் முகப்பவுடரைப் பூசினேன். தூரத்துக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கிட்டே போனால் வாடை அடிக்கும். மீன் ஏலத்தில் அதை யார் கவனிப்பார்?

பிறகு காது தானாகவே கரையத் தொடங்கியது. கரைந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தேன். நடுவில் தலையை உதறும், பவுடர் கொட்டிவிடும். அதனால் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஏலம் கூவினேன். வலித்திருக்கலாம். அது ஒன்றும் சொல்லவில்லை.

கூடை வந்து விழுந்த அன்றைக்குக் காலையில் டாக்டரம்மா கொருக்குப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறார். அன்புக்கரசியைப் பார்த்து, "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம்தான் என் டீ சிந்தியது.

"யோவ் கோதண்டம், பவுடரு பூசிகினு குந்த வெச்சிகிறியே, பூனைய இன்னா பொண்ணு பாக்கவா வர்றானுங்கோ?" என்று கத்தினாள் அன்புக்கரசி.

டாக்டரம்மா பவுடரைத் துடைத்தார். தாடைக்கடியில் விரலால் தடவினார். அங்கே ஒரு கட்டி இருந்தது. "கழுத்துக்குப் பரவிடுச்சு. இனிமே வலி தெரியாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்" என்றார். சீதேவி இப்போது அன்புக்கரசி வீட்டுக் கட்டிலுக்கு அடியில், நிழலில் படுத்திருக்கிறது. நெத்திலியை மசித்து ஊட்டுகிறாளாம். என்னை உள்ளே விடவில்லை.

மீன்காரப் பெண்கள் எல்லோரும் இன்னோர் ஏலக்காரன் சாலமனிடம் மீன் எடுக்கப் போய்விட்டார்கள். அதனால்தானே என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள்? ஆமாம், மறைத்தேன். பிழைக்கும் என்று தெரிந்தேதான் மறைத்தேன். பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் செய்த தப்புக்குப் பரிகாரம் இல்லாமல் உங்கள் முன்னால் வந்து நிற்பேனா? இந்தக் கூடையில் துண்டு போட்டு மூடியிருக்கிறேனே, கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். தாய்ப்பால் மறந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. உடம்பில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

"காது ரெண்டும் ஸோக்கா கீது பாருங்கோ, தலைவரே. இப்பலேர்ந்தே வெயில்ல குந்த வெச்சா பழகிடும்."