மடங்கிய கைக்கு நஷ்டஈடு

சார், உங்கள் நாற்காலியில் பட்டை தொய்ந்திருக்கிறது. இப்படியே உட்கார்ந்துகொண்டிருந்தால் கொஞ்ச நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குஷனுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை ஓடும். அதை விறைப்பாக இழுத்துப் பிடித்து ஆணி அடிக்க வேண்டும். எங்கள் சோபா கடையில் அடிக்கிறவன் நான், இழுக்கிறவன் என் தம்பி. அவன் கையை நீட்டி ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பத்து வருஷத்துக்குப் பட்டை அசையாது.

லாட்ஜ்காரனின் சோபாவுக்குத் துணி மாற்றப் போனதில் வந்த வினை இது. பழைய ஸ்பாஞ்சு முழுக்க மூட்டைப்பூச்சி. அதற்கு மேலேயே புதுத் துணியைப் போர்த்திக் கொடு என்றான். தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. தங்க வந்தவர்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில், "பூச்சிக்குப் புதுச் சட்டை தைக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். லாட்ஜ்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கழற்றி வைத்திருந்த சோபாவின் இரும்புக் காலை எடுத்துத் தம்பியின் வலது முழங்கையில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

ஆபரேஷனுக்குத் தம்பி பொண்டாட்டியின் வளையல் போயிற்று. கடையிலிருந்த தையல் மெஷின் போயிற்று. அப்போது லாட்ஜ் மானேஜர் ஒரு கவரோடு வந்தான். "மருந்துச் செலவுக்கு வெச்சுக்கச் சொன்னாரு. கை என்ன, எப்படியும் சேர்ந்துடும்ல?" என்றான். கட்டுப் போட்ட கூலிக்குக்கூடக் காணாத காசு. கவரை அவன் மூஞ்சியிலேயே எறிந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

வக்கீல் உள்ளதைச் சொன்னார். "கை பழையபடி ஆயிட்டா ஆஸ்பத்திரி பில்லு மட்டும்தான் கிடைக்கும். நிரந்தரமா முடங்கிட்டாத்தான் பெருசா நஷ்டஈடு கேக்க முடியும். நல்லபடியா ஆகட்டும்னு வேண்டிக்குங்க." அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று தம்பி உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் என்னிடம் சொன்னார்: "இன்னிலேர்ந்து தினமும் மடக்கி நீட்டணும். விட்டீங்கன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் நீட்டறது கஷ்டம்." நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கையை மடக்கினபடியே அசையாமல் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அப்பா போனதிலிருந்து நான் சொன்னால் தம்பிக்கு மறுபேச்சு கிடையாது.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் நானே போய்க் கட்டிவிடுவேன். எங்கள் கடைப் பட்டைதான். உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்தேன். வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் அவன், "அண்ணே, இப்பல்லாம் வலியே இல்ல. ஒரு தடவை நீட்டிப் பாக்கட்டுமா?" என்றான்.

"ஏன்டா, டாக்டர் நீயா, அவரா?" என்றேன். சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். பட்டையை இன்னொரு பிடி இறுக்கினேன். மறுபடி காட்ட வரச் சொன்ன நாட்களையும் அது இது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

கோர்ட்டில் தம்பி கையை நீட்டப் பார்த்தான். வரவில்லை. வேர்த்துக் கொட்டியதே தவிர, கை மடங்கினபடியே நின்றது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம் என்று நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னேன். ஆஸ்பத்திரிச் செலவு, போன வருமானம், இனி வரப்போகிற நஷ்டம் எல்லாவற்றையும் லாட்ஜ்காரன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. பேயறைந்த மாதிரி நின்றான் அவன். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பணம் வந்ததும் தம்பி பொண்டாட்டி அவனை அதே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி நேராகக் கடைக்கு வந்தார்கள். "அசைக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லவே இல்லையாமே, மாமா?" என்றாள். ஒளிக்க என்ன இருக்கிறது? உங்களுக்காகத்தான் செய்தேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அவன் ஆத்திரத்துல ஒரு தடவை அடிச்சான். நீங்க தினமும் காலைல சாவகாசமா வந்து ஒடைச்சிருக்கீங்க" என்றாள். பொம்பிளை, கோபத்தில் பேசுகிறாள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி பட்டைச் சுருளை இடது கையால் தூக்கித் தெருவில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அதற்கப்புறம்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்திருக்கிறான், சொந்த அண்ணன் மேல்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை மறைத்தது நான். நல்ல கையைக் கட்டி வைத்து முடக்கியது நான். கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொன்னதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். குற்றவாளி என்கிற இடத்தில் மட்டும் லாட்ஜ்காரன் பெயரைப் போடுங்கள்.