நகம் இல்லாதவனுக்கு ஒரு கத்தி

மணவூர் செங்கல் சூளையில் வேலை நின்றுபோனதால் திருத்தணியைப் பார்த்து நடந்தேன். மலையடிவாரத்தில் ஒரு கடை ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்தபோது, சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகள் மடக்குக் கத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலையில முடியே இல்ல. எதுல கூர் பாக்கிறது பாவா?” என்று மச்சானைக் கேட்டான் இளையவன்.

“கையில முடி கீதில்ல, அதுல பாரு.”

“நாளையிலேர்ந்து நாலு தறி நான் ஒருத்தனே ஓட்டணும். நூல் அறுந்தா கத்திரி, நட்டு லூசானா குறடு. எவன்கிட்டயும் கேட்டுகினு நிக்கக் கூடாது.”

“அப்ப இந்த செவப்ப எடு. ரம்பம்கூட கீது.”

“ரம்பம் எதுக்கு, ஓனர அறுக்கவா?”

சிரித்துக்கொண்டே சிவப்புக் கத்தியைப் பிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

“நகத்த வுட்டு இழுடா.”

“நகம் ஏது பாவா? நூல் மாட்டும்னு ஒட்ட வெட்டிக்கறேனே.”

கடைக்காரர் இன்னொன்றை நீட்டினார். அது குறடாக விரிந்தது. கத்திரி, கட்டைவிரலால் தள்ளினாலே வெளியே வந்தது.

“ஆங், இதான் பாவா. இதான்.” திரும்பத் திரும்ப விரித்து மடக்கினான். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கடைக்காரரிடம் சொன்னான்: “பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டு பின்னாலதான் நம்ம தறி செட்டு. நூல் மூட்டை தூக்க ஆள் இல்ல, யாராவது இருந்தா சொல்லு.”

மறுநாள் காலை அங்கே போய் நின்றேன். முதலாளி என் கையைப் பார்த்து, முதலில் நகத்தை வெட்டச் சொன்னார். தறிகளுக்கு நடுவிலிருந்து அந்த இளைய மொட்டை வந்தான். கத்திரியை விரித்தான். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று தரையில் வைத்தான். எடுத்து வெட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போனேன்.