மஞ்சள் கடுதாசிக்குப் பின் வந்த பத்திரிகை

1. திண்டுக்கல் கஜானாவில் செலான் கட்ட நின்றிருந்தேன்.
2. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பென்ஷன் வாங்கினார்.
3. அவருடைய நண்பர் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அவரிடம் நீட்டினார்.

"மஞ்சக் கடுதாசி குடுத்த எனக்குப் பத்திரிகையாய்யா?" என்றார் வாத்தியார்.

"திவாலானா பசிக்காதாக்கும்? பென்ஷனைத்தான் கோர்ட்டே தொடலையே. வந்து சாப்ட்டுப் போங்க வாத்தியாரே."

"என் மக கல்யாணத்துக்கு நீங்க மொய் எழுதுனீங்க. நான் திருப்பி எழுதுனா, கடன் குடுத்தவங்க அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. எங்களுக்கு இல்லாத காசு மொய்க்கு ஏதும்பாங்க."

"அப்ப எழுதாதீங்க."

"எழுதாம எப்படிய்யா இலையில உக்காருவேன்?"

நண்பர் பத்திரிகையை நீட்டியபடியே நின்றார்.

"ரெண்டு வருசத்துல எனக்கு வந்த மொதப் பத்திரிகை இதுதான்" என்றார் வாத்தியார்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அவர் பத்திரிகையை வாங்கிக்கொண்டார், வருவதாகச் சொல்லவில்லை.