தலைவர் நாற்காலி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“என் நாற்காலியில என்னை உக்கார வுடுங்கன்னு கலெக்டருக்கு மனு எழுதிக்கினு போறேன்” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். அவள் ஊராட்சித் தலைவி என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“உன் கொழுந்தனாருதானே எல்லாத்தையும் பாத்துக்கிறாரு?” என்றாள் பக்கத்திலிருந்த மூத்தவள்.

“அதாங்க்கா பேஜாரு. வூட்டுக்காரு எல்லைச் சண்டையில உயிர வுட்டாரு. பட்டாளத்தான் பொண்டாட்டின்னு ஊரே எனக்கு ஓட்டுப் போட்டுச்சு. பொம்பளைங்களுக்குன்னு சட்டம் ஒதுக்குன பதவி. நான் வெறும் கையெழுத்துப் போட்டுக்கினு இருக்கேன்.”

“குடும்பத்துல சண்டை வருமே.”

“வரட்டும். அவரு சண்டைன்னு பயந்து ஓடியாந்தாரா?”

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவளுடைய செல்போன் அடித்தது. கொழுந்தனார்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஆமாங்க, மனு குடுக்கத்தான் போறேன். நாளைக்குக் கிராம சபையை நானே நடத்துறேன். நீங்களும் வாங்க. ஜனங்களோட உக்காந்து கேளுங்க.”

விக்கிரவாண்டி வந்தது. அதுவரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்த மூத்தவள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, விழுப்புரத்துக்கு இன்னொரு டிக்கெட் கேட்டாள்.